பொத்தான் சொல்லும் காலம்

பழைய அலுமாரிகளிலும் தையல் பெட்டிகளிலும் சில வேளை கிரீடம் பொறித்த உலோகப் பொத்தான் ஒன்று கிடக்கும். "வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாயுடையது" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பிரித்தானியர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றியது 1796இல். நாடு சுதந்திரம் பெற்றது 1948இல். இந்த நீண்ட காலத்தில் அந்தப் பொத்தான் எப்போது செய்யப்பட்டது? அதை அறியச் சில வழிகள் உள்ளன.

முதலில் உலோகத்தைப் பாருங்கள். பிரித்தானியக் காலாட்படையின் சாதாரண சிப்பாய்கள் 1855 வரை வெண்ணிறமான பியூட்டர் பொத்தான்களையே அணிந்தனர். பின்னரே பித்தளை வந்தது.

அடுத்தது கிரீடம். 1901 முதல் 1952 வரை மன்னர்கள் ஆண்டனர். அக்காலக் கிரீடத்தின் வளைவுகள் குவிமாடம் போல் உருண்டிருக்கும். 1952இல் எலிசபெத் அரசியான பின் வந்த கிரீடத்தில் வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும். விக்டோரியா அரசியின் காலத்திலும் தாழ்ந்த வடிவம் உண்டு. ஆகவே கிரீடத்தை மட்டும் நம்பக்கூடாது.

மூன்றாவது, படையின் பெயர். "சி.எல்.ஐ." என்பது இலங்கை இலகு காலாட்படையைக் குறிக்கும். அது 1881இல் தொண்டர் படையாகத் தொடங்கியது. அந்த எழுத்துகளும் உருண்ட கிரீடமும் சேர்ந்திருந்தால், பொத்தான் 1901க்கும் 1952க்கும் இடைப்பட்டது எனலாம்.

பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். லண்டன் ஃபர்மின், பர்மிங்காம் கோண்ட் போன்ற தயாரிப்பாளர்களின் பெயர் அங்கே இருக்கலாம். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் மாறிய ஆண்டுகள் தெரிந்தால், காலத்தை இன்னும் சுருக்கலாம்.

இதனால் என்ன பயன்? நம் நாட்டு மலாய் முஸ்லிம்கள் பலரின் மூதாதையர் இலங்கை ரைபிள் படைப்பிரிவில் பணியாற்றினர். அப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. அதன் சிப்பாயுடையது என்று ஒரு குடும்பம் பாதுகாக்கும் பொத்தானில் உருண்ட கிரீடம் இருந்தால், அது பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. அதற்காக அதை வீசிவிட வேண்டாம். அதே குடும்பத்தில் பிற்காலத்தில் சீருடை அணிந்த வேறொருவர் மறக்கப்பட்டிருக்கலாம். அவர் யாரென்று தேட இதுவே தொடக்கம்.

ஒரு வேண்டுகோள்: புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். பொன்முலாமும் பின்புற எழுத்தும் அழிந்துவிடும். இரு பக்கமும் படமெடுத்து, எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தார் என்று எழுதி ஒரு காகித உறையில் பொத்தானோடு வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.