கோப்புகள் ஒரே இடத்தில் இருந்தால் போதுமா?

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. லித்தியம் அயன் பேட்டரியில் தொடங்கிய தீ, அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ‘ஜி-டிரைவ்’ சேமிப்பகத்தையும் எரித்தது. 858 டெராபைட் தரவு. வெளியே நகல் இல்லை.

அலுவலகக் கணினியில் எதையும் வைக்காமல் ஜி-டிரைவில் சேமிக்கும்படி 2018 முதல் ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. ஆளுக்கு 30 ஜிபி இடம். யோசனை தவறல்ல. மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானால் உள்ளிருந்த அத்தனையும் போகலாம். மையச் சர்வரிலோ கோப்பு துண்டுதுண்டாகப் பல டிஸ்க்குகளில் பதிவாகிறது. அத்துண்டுகளிலிருந்து கணக்கிட்ட கூடுதல் தகவலும் சேர்கிறது. மூன்று எண்களின் கூட்டுத்தொகையும் அவற்றில் இரண்டும் தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? ஒரு டிஸ்க் கெட்டால் சர்வர் இப்படித்தான் அதை மீட்கிறது. இதுதான் ரெய்டு.

ஆனால் ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்க்குகளிலிருந்தும் மறையும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் எல்லாமே பூட்டப்படும். தீ எதையும் விட்டுவைக்காது. எனவேதான் வல்லுநர்கள் 3-2-1 என்கிறார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில்.

கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளி நகல் எடுக்கவில்லை என்று தென்கொரிய அரசுத் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது. ஏற்க முடியாத காரணம். எல்டிஓ-9 காந்த நாடா ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். ஏறத்தாழ 50 நாடாக்கள் போதும்.

உங்கள் அலுவலகக் கோப்புகளின் இரண்டாவது பிரதி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அதிலிருந்து கடைசியாக எப்போது ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தார்கள் என்று நாளைக்கே கேளுங்கள்.