மேக்கில் இருந்து கேமிங் கணினிக்கு மாறுகிறீர்களா? முதலில் முடிவு செய்ய வேண்டியது மானிட்டரைத்தான்!

பெங்களூரு: சோழர் காலத்துச் சொக்கநாதசுவாமி கோயிலும் அதன் தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ள தொம்மலூர், இன்று உள்வட்டச் சாலையை ஒட்டிய தொழில்நுட்ப நிறுவனங்களால் அறியப்படுகிறது. எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் வணிகப் பூங்கா இங்குதான் உள்ளது. ஏலியன்வேர் என்ற பெயரில் கேமிங் கணினிகளை விற்பனை செய்யும் டெல் நிறுவனத்தின் இந்திய அலுவலகமும் அதன் அருகிலேயே இயங்கி வருகிறது. இத்தகைய பகுதியில் பகல் முழுவதும் மேக் கணினியில் பணிபுரிபவர், இரவில் நண்பர்களுடன் வேலோரண்ட் விளையாட அமர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கணினியாக இருந்தாலும் அந்த கேம் அதில் இயங்காது.

இதனால் விண்டோஸ் கேமிங் கணினிக்கு மாற நினைப்பவர்கள், பெரும்பாலும் மேக் வாங்கிய அதே முறையில் இதையும் வாங்க முற்படுகின்றனர். மேக்கில் திரை, நினைவகம், கிராபிக்ஸ் என அனைத்தையும் நிறுவனமே பொருத்தித் தந்துவிடுகிறது. கேமிங் கணினியில் ஒவ்வொன்றையும் வாங்குபவரே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுகளின் வரிசை தவறினால், செலவிட்ட தொகையில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

மேக்கில் ஏன் இயங்குவதில்லை?

பெரும்பாலான கணினி கேம்கள் மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்எக்ஸ் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு எழுதப்படுகின்றன. ஆப்பிள் தனது மெட்டல் தொழில்நுட்பத்தையே முன்னிறுத்துகிறது. 2018-ஆம் ஆண்டு மொஹாவி பதிப்பில் ஓபன்ஜிஎல் தொழில்நுட்பத்தை ஆப்பிள் ஓரங்கட்டியது. அடுத்த ஆண்டு வெளியான கேட்டலினா பதிப்பு 32 பிட் செயலிகளுக்கான ஆதரவை முற்றிலும் நிறுத்தியதால், பணம் கொடுத்து வாங்கிய பல பழைய கேம்கள் ஒரே நாளில் திறக்க முடியாதவையாகின.

இன்டெல் சிப் கொண்ட மேக்குகளில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸை நிறுவும் வசதி இருந்தது. 2020 நவம்பரில் எம்1 சிப் அறிமுகமானபோது, புதிய மேக்குகளில் அந்த வழியும் அடைபட்டது. 2023 செப்டம்பரில் வெளியான கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மேக்குக்கு வரவே இல்லை. மேக் பயனர்களையும் மிகப் பழைய கணினி வைத்திருப்பவர்களையும் சேர்த்தாலும், மொத்த விளையாட்டாளர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் என வால்வ் நிறுவனம் அதற்குக் காரணம் கூறியது. வேலோரண்டைப் பொறுத்தவரை, ஏமாற்று வேலைகளைத் தடுக்கும் அதன் வேன்கார்ட் மென்பொருள் விண்டோஸின் உட்கருவோடு பிணைந்து இயங்குவதால், மாற்று வழிகளுக்கும் இடமில்லை.

அதேவேளையில், எல்லோருக்கும் இந்த மாற்றம் தேவை என்று கூறிவிட முடியாது. பால்டர்ஸ் கேட் 3, ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் போன்ற கேம்கள் மேக்கில் நேரடியாகவே இயங்குகின்றன. 2025 ஜூலையில் சைபர்பங்க் 2077 கேமும் மேக்குக்கு வந்தது. தனியாக அமர்ந்து ஆண்டுக்கு இரண்டு, மூன்று கதை கேம்களை மட்டும் விளையாடுபவர், அவை மேக்கில் கிடைக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டால் ஒரு பெரிய செலவைத் தவிர்க்கலாம். நண்பர்களுடன் இணையவழிப் போட்டி கேம்களை விளையாடுபவர்களுக்குத்தான் விண்டோஸ் தவிர்க்க முடியாததாகிறது.

முதலில் மானிட்டர், பிறகு கிராபிக்ஸ் கார்டு

வழக்கமாக அனைவரும் கிராபிக்ஸ் கார்டில் இருந்தே பேச்சைத் தொடங்குவர். ஆனால், ஒவ்வொரு நொடியும் எத்தனை பிக்சல்களை எத்தனை முறை வரைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மானிட்டர்தான். அந்த வேலையைச் செய்து முடிக்கும் கார்டு எது என்பது அதற்குப் பிறகே எழும் கேள்வி.

1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 2560×1440 திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் இது 82.9 லட்சமாக உயர்கிறது. ஆப்பிள் ரசிகர்கள் பழகிய 5கே திரையிலோ 1.47 கோடி பிக்சல்கள். ஆவணங்களைப் படிக்கும்போது திரை பெரும்பாலும் அசையாமல் நிற்பதால் மேக்கின் சிப் இதனை எளிதாகச் சமாளிக்கிறது. கேமில் காட்சி முழுவதும் ஒவ்வொரு நொடியும் பல முறை புதிதாக வரையப்பட வேண்டும். 4கே திரையை வாங்கிவிட்டு நடுத்தரக் கார்டைப் பொருத்தினால், படம் கூர்மையாக இருக்கும்; அசைவு தடுமாறும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. விலை குறைவு என்பதற்காக 27 அங்குல 1080 திரையை வாங்கும் மேக் பயனர், முதல் நாளே வருந்த நேரிடும். ஆப்பிளின் ரெட்டினா மானிட்டர்களில் ஓர் அங்குலத்துக்கு 218 பிக்சல்கள் உள்ளன. 27 அங்குல 1080 திரையில் இருப்பது ஏறத்தாழ 82 மட்டுமே. ஆங்கில எழுத்துகளைக் காட்டிலும் தமிழ் எழுத்துகளில் இந்தக் குறை உடனே கண்ணில் படும். மெய்யெழுத்தின் புள்ளியும் ணகர, னகரச் சுழிகளும் மங்கித் தெரியும். 1080 திரைதான் வாங்க முடியும் என்றால் 24 அங்குலத்தைத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

மேக்கில் இருந்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு 27 அங்குல 2560×1440 மானிட்டரே பொருத்தமானது. அங்குலத்துக்கு 109 பிக்சல்கள் என்பது ரெட்டினாவுக்கு ஈடாகாது என்றாலும், கேமுக்கும் அன்றாட வேலைக்கும் போதுமானது. ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பகலில் அலுவலக மேக்கையும் அதே மானிட்டரில் இணைத்து வேலை செய்பவர்கள், 144 ஹெர்ட்ஸ் வேகம் கொண்ட 27 அங்குல 4கே திரையைப் பரிசீலிக்கலாம். மொஹாவி பதிப்பிற்குப் பிறகு, பிக்சல் அடர்த்தி குறைந்த திரைகளில் மேக்கின் எழுத்துகள் சற்று மங்கலாகவே தெரிகின்றன. கேம்களை மட்டும் குறைந்த தெளிவில் வரையச் செய்து, என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அல்லது ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் மூலம் பெரிதாக்கிக்கொள்ளலாம். இத்தகையோர் யுஎஸ்பி-சி, டிஸ்ப்ளேபோர்ட் ஆகிய இரண்டும் உள்ள மானிட்டராகப் பார்த்து வாங்கினால், கேபிளைக் கழற்றி மாட்டும் தொல்லை இருக்காது.

அடுத்தது ரெஃப்ரெஷ் ரேட் எனப்படும் புதுப்பிப்பு வேகம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 மில்லி விநாடி. 240 ஹெர்ட்ஸில் 4.2 மில்லி விநாடி. முதல் தாவலில் சுமார் 10 மில்லி விநாடிகள் மிச்சமாகின்றன. இரண்டாவது தாவலில் மூன்றுக்கும் குறைவு. மேக்புக் ஏர் பயன்படுத்தியவர்கள் முதல் தாவலை அமர்ந்த உடனேயே உணர்ந்துவிடுவர். இரண்டாவதற்குக் கூடுதல் பணம் தருவது, போட்டிகளில் தீவிரமாகப் பங்கேற்பவர்களுக்கு மட்டுமே பொருள் தரும். கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதி இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஓஎல்இடி திரைகளின் கருமையும் வேகமும் ஈர்க்கக்கூடியவை. எனினும், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஒரே டாஸ்க்பார் நிலையாகத் தெரியும் வேலைக்கு அதே திரையைப் பயன்படுத்தினால், நாளடைவில் அதன் தடம் நிரந்தரமாகப் பதியும் அபாயம் உள்ளது. வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே திரை என்றால் ஐபிஎஸ் வகையே கவலையற்றது.

ஏற்கெனவே ஆப்பிள் மானிட்டர் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாமே எனக் கருதுவதுண்டு. 2022-இல் இந்தியாவில் 1,59,900 ரூபாய்க்கு அறிமுகமான ஸ்டூடியோ டிஸ்ப்ளேயின் வேகம் 60 ஹெர்ட்ஸ்தான். அதில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இணைப்புகளும் இல்லை. 5கே ஐமேக்கையும் வேறு கணினிக்குத் திரையாக நேரடியாக இணைக்க முடியாது.

கார்டின் நினைவகம் கவனிக்கத்தக்கது

மேக்கில் 16 ஜிபி என்றால், பிராசஸரும் கிராபிக்ஸும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றன. கேமிங் கணினியில் ரேம் வேறு, கார்டின் நினைவகம் வேறு. 16 ஜிபி ரேம் கொண்ட கணினியின் கார்டில் 8 ஜிபி மட்டுமே இருக்கக்கூடும். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் எண் எதைக் குறிக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

1080 திரைக்கு 8 ஜிபி கார்டு இன்றும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 1440 திரையில் புதிய பெரிய கேம்களை விளையாட 12 அல்லது 16 ஜிபி இருப்பது பாதுகாப்பானது. 2025-இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரு கார்டுகளும் ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளில் விற்கப்படுகின்றன. பெட்டியின் மீதுள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் குறைந்த வகை கைக்கு வந்துவிடலாம். அதற்கு மேல் செல்ல விரும்புபவர்களுக்கு 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 5070 உள்ளது. இந்தியாவில் அறிவிக்கப்பட்ட அதன் தொடக்க விலை 59,000 ரூபாய். கடை விலை இதிலிருந்து மாறுபடும்.

மற்ற பாகங்களில் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. ஆறு அல்லது எட்டு கோர் கொண்ட நடப்புத் தலைமுறை பிராசஸர் போதும். பால்டர்ஸ் கேட் 3 மட்டுமே 150 ஜிபி இடம் கேட்பதால், எஸ்எஸ்டி ஒரு டெராபைட்டுக்குக் குறையக்கூடாது. ரேம் விஷயத்தில் சிறு எச்சரிக்கை: செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025-இன் இறுதியில் ரேம் விலை கடுமையாக உயரத் தொடங்கியது. குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்த வணிகத்தில் இருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. இப்போதைக்கு 16 ஜிபி போட்டுவிட்டு பின்னர் கூட்டிக்கொள்வது மேக்கில் இயலாத காரியம். இங்கே அது சாத்தியம். அதற்கான காலி இடம் போர்டில் இருக்க வேண்டும், அவ்வளவே.

மடிக்கணினியில் ஒரே பெயர், வேறு திறன்

மேக்புக்குக்குப் பழகியவர்கள் கேமிங் மடிக்கணினியை நாடுவது இயல்பு. ஆனால் அங்கு கார்டின் பெயர் ஏமாற்றும். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 5090-இல் 21,760 கோர்கள் உள்ளன. மடிக்கணினியில் அதே பெயரில் வருவதில் 10,496 மட்டுமே. மேலும், ஒரே கார்டுக்கு வெவ்வேறு மடிக்கணினிகளில் வெவ்வேறு அளவு மின்சாரமே வழங்கப்படுகிறது. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு இது 35 வாட் முதல் 115 வாட் வரை வேறுபட்டது. மின்சார அளவைக் கேட்காமல் வாங்கப்படும் கேமிங் மடிக்கணினி பெயருக்குத்தான் கேமிங். மேக்புக் போல ஓசையின்றி இயங்கும், மின் இணைப்பு இல்லாமலும் முழு வேகம் தரும் என்ற எதிர்பார்ப்பையும் கைவிட்டுவிட வேண்டும்.

எங்கே வாங்குவது?

சென்னைக்கு ரிச்சி தெரு என்றால், பெங்களூருவுக்கு எஸ்.பி. சாலை. பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொள்வதில் விலை குறையலாம். ஆனால் உத்தரவாதம் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகவே இருக்கும். கணினி இயங்கவில்லை என்றால், எந்தப் பாகம் பழுது என்று கண்டறிவது வாங்கியவரின் பொறுப்பாகிவிடும். மேக்கை ஒரே சேவை மையத்தில் ஒப்படைத்துப் பழகியவர்களுக்கு இது சிரமமாகத் தோன்றலாம். அத்தகையோருக்கு, வீட்டுக்கே வந்து பழுது நீக்கும் உத்தரவாதத்துடன் கிடைக்கும் நிறுவனக் கணினி சற்று விலை கூடினாலும் ஏற்றதே.

கடையில் வாங்குபவர்கள், பாகங்களின் வரிசை எண் குறிப்பிடப்பட்ட ஜிஎஸ்டி ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். ரசீது இல்லாவிட்டால் விலை குறையும் என்ற பேச்சுக்கு உடன்பட்டால், உத்தரவாதமும் சேர்ந்தே போய்விடும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது என்பதும் குறிப்பிடத்தக்கது.

பலரும் மறந்துவிடும் மற்றொன்று மின்சாரம். மேக்புக்கில் மின்தடை தெரிவதே இல்லை. ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு மட்டுமே 250 வாட் வரை எடுத்துக்கொள்ளும். பொதுவாகக் கடைகளில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது ஏறத்தாழ 360 வாட். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த யுபிஎஸ்ஸும் உடன் அணைந்துவிடும். குறைந்தது 1000 விஏ யுபிஎஸ்ஸுக்கான தொகையையும் கணக்கில் ஒதுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் உள்ள துளையில் செருக வேண்டும். சற்று மேலே, போர்டில் உள்ள துளையில் செருகிவிட்டு, கேம் ஓடவில்லை என்று கடைக்கே திரும்பி வருபவர்கள் உண்டு. 144 ஹெர்ட்ஸ் திரையை விண்டோஸ் சில நேரங்களில் 60 ஹெர்ட்ஸிலேயே இயக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே வழியாகச் சென்று அதனை மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இல் வேலோரண்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

ஸ்டீம் தளத்தில் மேக்குக்காக வாங்கிய கேம்களுக்கு விண்டோஸ் பதிப்பு இருந்தால், அதே கணக்கில் மீண்டும் பணம் செலுத்தாமல் பதிவிறக்கலாம். மேக் ஆப் ஸ்டோரில் வாங்கியவை அவ்வாறு வராது. மேக் வடிவில் ஃபார்மேட் செய்யப்பட்ட ஹார்டு டிஸ்க்கையும், டைம் மெஷின் காப்புப் பிரதிகளையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. எனவே பழைய மேக்கை விற்பதற்கு முன்பே, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்து, புதிய கணினியில் அவை திறக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.