சிறுபோகத் தண்ணீரும் சிறு மின்சாரமும்

வன்னி மக்களுக்குப் பங்கீட்டைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இரணைமடுவாயினும் வவுனிக்குளமாயினும் முத்தையன்கட்டாயினும், சிறுபோகம் தொடங்குமுன் கமக்காரரும் அதிகாரிகளும் ஒன்றுகூடுவர். குளத்தில் எவ்வளவு நீர் உண்டு, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசித் தீர்த்த பின்னரே விதைநெல் மண்ணில் விழும். கேட்டவர்க்கெல்லாம் கேட்டபடி கொடுத்தால், கதிர் முற்றுமுன் குளம் வற்றிவிடும் அன்றோ? வீட்டு மூலையில் இருக்கும் 12 வோல்ற்றுப் பற்றரியும் அத்தகைய ஒரு குளமே. ஆயின் அதற்காகக் கூட்டம் கூட்டும் வீடுகள் எத்தனை?

1990இல் போர் மீண்டும் மூண்டபின், வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி பல்லாண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெய் அரிதாயிற்று, டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, அதன் டைனமோ தரும் மின்சாரத்தில் மற்றையோர் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அத்தகைய டைனமோ தருவது 6 வோல்ற்றில் ஏறக்குறைய 3 வாற்று மாத்திரமே. செய்தி கேட்கும்போது விளக்கை எரிக்கலாகாது என்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிதிப்பவரின் காலே சொல்லிற்று!

இன்று ஊர்களுக்கு மின்கம்பி வந்துவிட்டது. ஆயினும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் கண்டோம். ஆகவே, ஒரு சூரியத் தகடும் ஒரு பற்றரியும் வீட்டில் இருத்தல் நன்றே. அவற்றைப் பங்கிடும் முறையை அறிந்திருத்தல் அதனினும் நன்று.

மின்னழுத்தம் என்பது குளத்தின் நீர்மட்டம் போன்றது; அதை வோல்ற்றில் அளப்பர். மின்னோட்டம் என்பது வாய்க்காலில் ஓடும் நீர் போன்றது. அதை அம்பியரில் அளப்பர். விளக்கு, வானொலி, விசிறி யாவற்றையும் ஒரே பற்றரியுடன் பக்கம்பக்கமாக இணைத்தால், ஒவ்வொன்றும் அதே 12 வோல்ற்றைப் பெறும். அவை இழுக்கும் மின்னோட்டங்களோ ஒன்றுடன் ஒன்று கூடும். குளத்தை வற்றச் செய்வது இந்தக் கூட்டுத்தொகையே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 அம்பியர்-மணிப் பற்றரியில் 480 வாற்று-மணி அடங்கும். மோட்டார் வண்டிப் பற்றரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குன்றும். ஆதலால் நமக்கு உரியது 240 மாத்திரமே. 3 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டு 5 மணிநேரம் எரிய 30. 5 வாற்று வானொலி 4 மணிநேரம் பாட 20. கைத்தொலைபேசிகள் இரண்டுக்கு ஏறக்குறைய 50. 15 வாற்று விசிறி 6 மணிநேரம் சுழல 90. ஆக 190. இன்னும் 50 மிச்சம். அவ்வேளையில் 20 வாற்றுத் தொலைக்காட்சிப் பெட்டியை 3 மணிநேரம் பார்க்க விரும்பினால் 60 வேண்டும். கணக்கு எல்லை கடந்துவிடும். விசிறியை ஒரு மணிநேரம் முன்னதாக நிறுத்த வேண்டும். அன்றேல் படத்தின் முடிவைப் பாராமல் எழுந்திருக்க வேண்டும்.

வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் குறைவாக வருவதுபோல, மெல்லிய நீண்ட கம்பியின் முடிவில் மின்னழுத்தமும் குறையும். 0.75 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் 10 மீற்றர் தூரத்துக்கு 3 அம்பியர் அனுப்பினால், போகவர ஏறக்குறைய 1.4 வோல்ற்று வழியிலேயே வீணாகும். 230 வோல்ற்றில் இது ஒரு பொருட்டன்று. 12 வோல்ற்றிலோ ஒன்பதில் ஒரு பங்குக்கும் மேல்! 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் இழப்பு அரை வோல்ற்றுக்கும் குறைவே. எனவே, பற்றரியை வீட்டின் நடுவே வைத்துத் தடித்த கம்பியைப் பயன்படுத்துக.

எல்லாக் கருவிகளும் 12 வோல்ற்றை ஏற்பனவல்ல. தொலைபேசிக்கு 5 வோல்ற்று வேண்டும். சில வானொலிகளுக்கு 6 அல்லது 9. அதற்காக, தொடராக இணைத்த இரண்டு 6 வோல்ற்றுப் பற்றரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தல் தவறு. ஒன்று வடிய மற்றொன்று நிறைந்திருக்கும். ஈற்றில் இரண்டும் கெடும். மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சிறு கருவிகள் கடைகளில் உண்டு. மோட்டார் வண்டியில் தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவியும் அத்தகையதே.

12 வோல்ற்று உடம்பை உலுக்காது என்று அலட்சியம் செய்தலாகாது. கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கணத்தில் கொட்டும். கம்பி சிவந்து ஓலைக் கூரை பற்றும். பற்றரியின் நேர்முனைக்கு அருகே ஓர் உருகி இருப்பின் அந்த ஆபத்து நீங்கும். மின்னேற்றும்போது தீப்பற்றும் வாயு வெளிப்படுமாகையால், குப்பி விளக்கை அதன் அருகே கொண்டுசெல்லாதீர்கள்.

சிறுபோகக் கூட்டத்தில் வலியவனுக்கு முதற்பங்கு என்ற நியதி இல்லை. வீட்டிலும் அவ்வாறே ஆகுக. இன்று மாலை குடும்பத்தினர் அனைவரும் அமர்ந்து, மேற்கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படிக்கும் பிள்ளையின் விளக்கு முதல் வரியில் இருக்கட்டும். எஞ்சியதை மற்றையோர் பங்கிட்டுக்கொள்ளலாம்.