கயிற்றைப் பிடிப்பவர் யார்?

சென்ற பங்குனி மாதத்தில், எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் சென்றிருந்தேன். திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தத்தில் நீராடி, வழிபாடு முடித்து, தெற்கே அரிப்புக் கடற்கரையை அடைந்தபோது வெயில் சற்றுத் தணிந்திருந்தது. ஆங்கிலேய ஆள்பதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துச் சிலாபக் காலத்தில் தங்குவதற்கென்று கட்டுவித்த மாளிகையின் சுவர்கள் அங்கே கடலை நோக்கிச் சரிந்து நிற்கின்றன. ஆண்டுதோறும் கரையைக் கடல் அரித்து வருகிறது. மாணவர்கள் அந்தச் சுவர்களின்முன் நின்று படம் பிடித்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் என்னருகே வந்து நின்றான்.

“ஐயா, முத்துக்குளித்தவர்களைப்போல மூச்சை அடக்கி மூழ்குவதற்கு நானும் பழக விரும்புகிறேன். ஆனால் கடல் எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் ஊரில் குளந்தான் உண்டு. எப்படித் தொடங்குவது?”

பிறீடைவிங் என்று இளைஞர் இன்று சொல்லும் கலை இதுவே. காற்றுக்குடுவை எதுவும் இன்றி, ஒரே மூச்சில் மூழ்கி எழுவது. கேள்வி எனக்கு மகிழ்ச்சியையே தந்தது. ஆனால் அவன் அத்துடன் நிறுத்தவில்லை. குளத்தில் தான் ஏற்கெனவே பழகத் தொடங்கிவிட்டதாகவும், வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விட்டபின் மூழ்கினால் வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்றும் பெருமையோடு சொன்னான்.

“யாருடன் போகிறாய், தம்பி?”

“தனியாகத்தான், ஐயா.”

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. காரணத்தைப் பின்னர் கூறுகிறேன். முதலில், அன்று மாலை அந்த மணலில் இருந்து மாணவர்களுக்கு நான் சொன்ன சிலாபத்தின் கதையைக் கேளுங்கள்.

அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இவ்வூர்களின் எதிரே, கடலின் அடியிலே முத்துச்சிப்பி படிந்து வளரும் பார்கள் உள்ளன. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில் கடல் அடங்கியிருக்கும் மாசி, பங்குனி மாதங்களை ஒட்டியே சிலாபம் நடைபெற்றது. எல்லா ஆண்டுகளிலும் நடைபெற்றதன்று. சிப்பி முதிர்ந்த ஆண்டில் மட்டுமே அரசாங்கம் அறிவித்தல் விடும். அறிவித்தல் வந்ததும், காடும் மணலுமாகக் கிடந்த கரையில் சில வாரங்களுக்குள் ஓலைக்கொட்டில்களால் ஒரு பட்டினம் எழுந்துவிடும். கீழக்கரையிலிருந்தும் பாண்டிநாட்டுப் பரதவர் ஊர்களிலிருந்தும், மலையாளக் கரையிலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்துங்கூட மூழ்குவோர் வந்து கூடினர். 1905ஆம் ஆண்டுச் சிலாபத்தில் மாத்திரம் எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதற்கடுத்த ஆண்டில் மறிச்சுக்கட்டியில் கடமை பார்த்த இளம் உத்தியோகத்தர் ஒருவர், பிற்காலத்தில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்வ் என்பவர். 1925ஆம் ஆண்டோடு இலங்கைக் கரையின் பெருஞ் சிலாபங்கள் முடிந்துபோயின.

நள்ளிரவில் தரைக்காற்று வீசத் தொடங்கியதும் வள்ளங்கள் புறப்படும். விடியும்போது பாரின்மேல் நிற்கும். பிற்பகலில் கடற்காற்றின் துணையோடு கரை திரும்பும். ஆங்கிலப் படையதிகாரி றொபேட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில் ஒரு வள்ளத்தின் அமைப்பை விவரித்திருக்கிறார். தண்டல் ஒருவர், அவரின்கீழ் இருபதுபேர். இருபதுபேரில் மூழ்குவோர் பத்துப்பேரே. மற்றப் பத்துப்பேரும் வள்ளத்தை வலித்து, மூழ்குவோரை மேலே இழுத்து எடுப்பவர்கள். மூழ்குவோர் பத்துப்பேருங்கூட ஒருமிக்க இறங்குவதில்லை. ஐந்துபேர் கீழே செல்ல, ஐந்துபேர் மேலே இளைப்பாறுவர்.

மூழ்குபவர் கனமான கல்லைக் கட்டிய கயிற்றைக் கால்விரல்களால் பற்றி, மற்றக் காலில் வலைப்பையை மாட்டி, ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபடியே இறங்குவார். ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம்வரை ஆழம். நமது கணக்கில் முப்பது அடி முதல் அறுபது அடி. அடியைத் தொட்டதும் கல் மேலே போய்விடும். அவர் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளி, கயிற்றை ஒருமுறை சுண்டுவார். மேலே நிற்பவர் அந்தக் கணமே இழுக்கவேண்டும். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இவ்வளவும் முடிந்துவிடும். ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை இவ்வாறு இறங்குவர்.

1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் ஆறு நிமிடம் நீரின்கீழ் இருந்தார் என்றும் பேர்சிவல் எழுதியிருக்கிறார். அசையாது மிதந்துகிடந்தால் அது மனிதனால் முடியாத செயல் அன்று. பிரான்சு நாட்டு ஸ்தெபான் மிஃப்சூத் 2009இல் 11 நிமிடம் 35 விநாடி நேரம் மூச்சடக்கிக் காட்டினார். ஆனால் கடலடியில் வேலை செய்துகொண்டே ஆறு நிமிடம் என்பதை நான் நம்பவில்லை. கரையில் கூடியிருந்தோர் சொன்னதைப் பேர்சிவல் நம்பிவிட்டார்போலும்.

மூழ்குவோருக்கு வேறு அச்சமும் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ ஒருவர் கரையில் இல்லாமல் வள்ளம் இறங்காது. அவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்த காலமும் உண்டு! ஆனால் மூழ்குவோரின் உயிர் உண்மையில் தங்கியிருந்தது மேலே நின்ற கயிற்றுக்காரரின் கையில். கயிற்றைப் பிடிக்கும் வேலையை மனைவியின் சகோதரனிடமே கொடுப்பார்கள், தன் சகோதரி தாலியிழக்க அவன் சம்மதிக்கமாட்டான் அல்லவா, என்று நம்மவரிடையே ஒரு பேச்சு வழங்குகிறது. எல்லா வள்ளங்களிலும் அவ்வாறே நடந்திருக்க முடியாது. ஆனாலும் அப்பேச்சில் கடலை அறிந்தவரின் புத்தி இருக்கிறது.

இனி என் உள்ளங்கை வேர்த்த காரணம். எனக்கு வயது பதினைந்து. எங்கள் ஊர்க் குளத்தில், யார் கூடுதலான நேரம் மூழ்கியிருப்பது என்று போட்டி. அந்த மாணவன் சொன்னதுபோலவே நானும் இருபது முப்பது தடவை வேகமாக மூச்சுவாங்கிவிட்டு மூழ்கினேன். மூச்சுத் திணறவே இல்லை. உடம்பு இலேசாக, மனம் இன்பமாக இருந்தது. இன்னும் இருக்கலாம், இன்னும் இருக்கலாம் என்று எண்ணியதே கடைசி நினைவு. கண் விழித்தபோது குளக்கட்டில் குப்புறக் கிடந்தேன். பெரியம்மாவின் மகன் அண்ணர் என் முதுகில் அறைந்து அழுதுகொண்டிருந்தார். நான் கைகால் அடிக்கவுமில்லை, கூப்பிடவுமில்லையாம். நீரில் குமிழி வருவது நின்றதைத் தற்செயலாகக் கண்டுதான் பாய்ந்தாராம். அவர் அப்போது வேறு பக்கம் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பின்னரே இதன் காரணத்தை நூல்களில் படித்து அறிந்தேன். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை நமக்குப் பெரும்பாலும் தருவது ஒட்சிசன் குறைவு அன்று. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு மிகுவதேயாகும். வேகமாக மூச்சுவிட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது. ஒட்சிசனோ ஏறக்குறைய முன்னிருந்த அளவே. ஆகவே, எச்சரிக்கும் மணியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டைத் திறந்துபோட்ட கதையாகிறது. கடலில் இன்னொரு தந்திரமும் சேரும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு. நுரையீரலின் காற்று பாதியாகச் சுருங்குகிறது. அந்த அமுக்கத்தால் குறைந்த ஒட்சிசனுங்கூட அங்கே போதுமானதாகத் தோன்றும். மேலே எழும்போது அமுக்கம் தளர, ஒட்சிசனின் வலு திடீரென்று வீழ்ந்துவிடும். மயக்கம் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு அருகிலும், தலை வெளியே வந்த சில விநாடிகளிலும் வருவது இதனாலேயே. ஓசையே இராது. நன்றாக நீந்துபவனையும் அது விடுவதில்லை.

ஆகவே, கடலுக்கு எட்ட வாழும் பிள்ளை எப்படித் தொடங்குவது? முதலில் வைத்தியரிடம் சென்று காது, இதயம், நுரையீரல் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளவேண்டும். வலிப்போ ஈளையோ உள்ளவர் வைத்தியரின் சொல்லை மீறவே கூடாது. அதன்பின் தொடங்கவேண்டிய இடம் வீட்டுப் பாயே! பாயில் மல்லாந்து படுத்து, அமைதியாக மூச்சுவிட்டு, அடக்கிப் பழகவேண்டும். இரண்டு நிமிடம் அடக்கக்கூடியவர் ஒரு நிமிடமே அடக்கி, இரண்டு நிமிடம் இளைப்பாறி, பின் ஒவ்வொரு முறையும் இளைப்பாறும் நேரத்தில் 15 விநாடி குறைத்து, எட்டுத் தடவை செய்வது உலகெங்கும் பயிலப்படும் ஒரு முறை. காபனீரொட்சைட்டின் தொல்லையைப் பதறாமல் தாங்குவதற்கு அது பழக்குகிறது. பாயில் மயங்கினாலும் மூச்சு தானே திரும்பும். நீரில் திரும்பாது, தண்ணீரே உள்ளே போகும்.

காதுக்கான பயிற்சியையும் வீட்டிலேயே செய்யலாம். ஆழம் செல்லச் செல்லச் செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல ஊதி உள்ளிருந்து காற்றை அனுப்பவேண்டும். இத்தாலிய உடற்கூற்று அறிஞர் வல்சால்வாவின் பெயரால் இம்முறை வழங்குகிறது. நம் முத்துக்குளிப்போர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லின்மேல் நிமிர்ந்து இறங்கியதால் அவர்களுக்கு இது எளிதாக இருந்திருக்கும். இன்றைய இளைஞர் தலைகீழாகப் பாய்கின்றனர். அந்நிலையில் நெஞ்சிலிருந்து ஊதுவது கடினம். ஆகையால், தொண்டையை அடைத்து நாவின் அடிப்பகுதியால் காற்றைத் தள்ளும் வேறொரு முறையைக் கற்கவேண்டும். கண்ணாடியின் முன்னிருந்து வாரக்கணக்கில் பழகலாம். தடிமன் உள்ளபோது மூழ்கலாகாது. முத்துக்குளிப்போரின் காதிலும் மூக்கிலும் இரத்தம் வடிந்ததைப் பழைய நூல்கள் ஏதோ தொழிலின் இயல்பென்று சொல்லிச் செல்கின்றன. அது காயம்.

பின்னர் நீச்சல் தடாகம். கொழும்போ கண்டியோ, தேர்ந்த பயிற்றுநர் உள்ள இடத்துக்குப் போகவேண்டும். சேறும் கொடியும் முதலையும் உள்ள குளம் இதற்கு உதவாது. தடாகத்திலும் இருவர் முறை மாறி மூழ்கவேண்டும். ஒருவர் மூழ்க மற்றவர் பார்க்கவேண்டும். வெளியே வந்த பின்னும் அரை நிமிடம் கண்ணை எடுக்கலாகாது. மூழ்கிய நேரத்தைப்போல் குறைந்தது இருமடங்கு நேரம் மேலே இளைப்பாறிய பின்னரே அடுத்த முறை. ஐந்துபேர் கீழே, ஐந்துபேர் மேலே என்ற சிலாபத்து ஏற்பாட்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

இவ்வளவும் முடிந்த பின் கடலுக்கு வரலாம். 1949இல் இத்தாலியர் றைமொண்டோ புச்சர் 30 மீற்றர் மூழ்கியதை ஐரோப்பா வியந்து பார்த்தது. நமக்கு அதில் பாதி ஆழமே மிகுதி.

இவற்றையெல்லாம் அன்று சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. பேருந்துக்கு நடக்கும் வழியில், இனிக் குளத்துக்குத் தனியே போகமாட்டேன் என்று அந்த மாணவன் வாக்களித்தான். பிறகு சற்று யோசித்து, “ஐயா, வகுப்பில் முப்பதுபேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் அழைக்கிறோம். இவர்களில் யாரிடம் கயிற்றைக் கொடுப்பது?” என்றான்.

பின்னால் வந்த பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.