செயற்கைத் துயிலும் உடலின் உப்புக்களும்

ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் வாழும் முள்ளெலி, மாரி நெருங்கியதும் சருகுகளைத் திரட்டிக் கூடமைத்து அதனுட் சுருண்டுவிடுகின்றது. உடல் கல்லெனக் குளிர்கின்றது. இதயம் மிக அரிதாகவே துடிக்கின்றது. வசந்தம் வந்ததும் அது தானே சூடேறி எழுந்து இரைதேடப் புறப்படுகின்றது. இத்துயிலை மனிதன் தன் விருப்பப்படி உண்டாக்குதல் கூடுமோ?

பின்லாந்து நாட்டறிஞர் சுவோமலைனன் 1938ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். துயிலும் முள்ளெலியின் குருதியில் மகனீசியம் மிகுந்திருந்தது. எனவே அவர் இன்சுலினையும் மகனீசிய உப்பையும் ஊசிமூலம் ஏற்றி, முள்ளெலிகளில் துயிலையொத்த நிலையை உண்டாக்கினார். ஆயினும் முள்ளெலி துயில்வதற்கென்றே அமைந்த பிராணி. இயற்கையில் அவ்வாறு துயிலாத பிராணிகளின் கதை வேறு.

உடலைக் குளிர்வித்தாற் போதும், துயில் வந்துவிடும் என எம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அஃது அத்துணை எளிதன்று. கலம் ஒவ்வொன்றினுள்ளும் பொற்றாசியம் லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமூல் உண்டு. வெளியே குருதித் திரவத்தில் 4 அல்லது 5 மாத்திரமே. சோடியத்தின் நிலைமை இதற்கு நேர்மாறு. இவ்வேற்றுமை தானாக நிலைப்பதன்று. கலத்தின் மென்சவ்வு ஓட்டைக் குடம்போலக் கசிவது. அதிலுள்ள நுண்ணிய பம்பிகள் ஓயாது மூன்று சோடியம் அயன்களை வெளியேற்றி இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளிழுப்பதாலேயே சமநிலை காக்கப்படுகின்றது. கடுங்குளிரிற் பம்பி தளர்ந்துவிடுகின்றது. கசிவோ அவ்வளவிற்குக் குறைவதில்லை. பொற்றாசியம் வெளியே வழிய, சோடியமும் நீரும் உட்புகுந்து கலம் வீங்குகின்றது.

இரத்த வங்கியில் 4 பாகை சதமவளவையில் வைக்கப்படும் குருதியிலும் இதுவே நிகழ்கின்றது. நாட்செல்லச் செல்ல அதன் திரவத்திற் பொற்றாசியம் ஏறிக்கொண்டே போகும். பொற்றாசியம் மிகுந்தால் இதயம் நின்றுவிடுமாதலால், பச்சிளங் குழந்தைகளுக்குப் பெருமளவிற் குருதி ஏற்ற நேரும்போது வைத்தியர்கள் புதிய குருதியையே நாடுவர்.

நில அணிலும் ஹம்ஸ்ரர் என்னும் சிறு கொறிப்பிராணியும் இவ்விடரினின்று தப்புகின்றன. அவற்றின் பம்பிகள் குளிரிலும் ஓரளவு உழைக்கின்றன; மென்சவ்வின் கசிவும் சுருங்குகின்றது. மனித இதயம் 28 பாகைக்குக் கீழே தாளந்தவறும் அபாயத்துக்கு உள்ளாக, ஹம்ஸ்ரரின் இதயமோ 5 பாகை அளவிலும் துடித்துக்கொண்டிருக்கும். செயற்கைத் துயில் மெய்யான துயில்தானா என்பதற்கு, வெப்பமானியைவிட உப்புக்களின் கணக்கே சிறந்த உரைகல் என்பது எம் கருத்து.

சிறிதளவு குளிர்விக்கும்போது நிகழ்வது இன்னும் விந்தையானது. இதயம் நின்று மீண்ட நோயாளர் சிலரை வைத்தியர்கள் மூளையைக் காக்கவேண்டி 32 முதல் 34 பாகை வரை குளிர்விப்பதுண்டு. அப்போது பொற்றாசியம் கலங்களுக்குட் சென்று குருதியிற் குறைகின்றது. மகனீசியமும் பொசுபேற்றும் சிறுநீருடன் கழிகின்றன. குறைந்ததை நிரப்பவேண்டுமெனப் பொற்றாசியத்தைத் தாராளமாக ஏற்றினால், சூடேறும்போது உட்சென்றதும் ஏற்றியதும் ஒன்றுசேர்ந்து வெளிவந்து இதயத்தைத் தாக்கும். ஆதலால் மணிக்குக் கால் அல்லது அரைப் பாகை வீதமே சூடேற்றுவர். குளிர்விப்பதிலும் எழுப்புவதிலேதான் கைத்திறன் மிகுதியும் வேண்டப்படுகின்றது.

2005இல் அமெரிக்காவின் சியற்றில் நகர ஆய்வாளர், கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டைச் சிற்றளவிற் சுவாசிக்கச் செய்து, சுண்டெலிகளைத் துயிலையொத்த நிலைக்கு ஆளாக்கி மீட்டனர். 2020இல் யப்பானியர், சுண்டெலி மூளையின் சில நரம்புக் கலங்களைத் தூண்டியே அத்தகைய நிலையை நாட்கணக்கில் நீடிக்கச் செய்தனர். இயற்கையில் அவ்வாறு துயிலாத எலியிலும் அது கைகூடிற்று. நெடுந்தூர விண்பயணத்துக்கு இது பயன்படுமென்று பலர் நம்புகின்றனர்.

அங்கே கல்சியத்தின் கணக்கும் எழுகின்றது. விண்வெளி வீரர் மாதமொன்றுக்கு இடுப்பெலும்பில் 1 சதவீதத்துக்கு மேலும் இழக்கின்றனர். கருங்கரடியோ 5 முதல் 7 மாதங்கள் உண்ணாது, பருகாது, சிறுநீர் கழியாது கிடந்தும் எலும்பு தேயாமல் எழுகின்றது. துயிலின்போது அதன் எலும்பின் அழிவும் ஆக்கமும் ஒருசேரக் குறைவதால், குருதியிற் கல்சியத்தின் அளவு மாறுவதில்லை. விண்பயணிகளைத் துயிற்ற விரும்புவோர் சுண்டெலியின் மூளையோடு கரடியின் எலும்பையும் ஆராய்வது இதனாலேயே.