கடனாளி மறைந்த பின் வீட்டுக் கடன்

வீட்டுக் கடன் பெறும் நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் ஒருவரது ஊதியத்தையே நம்பியுள்ளன. சித்தூரிலோ திருப்பதியிலோ அத்தகைய ஒருவர், தவணைக் காலம் முடியுமுன் மறைந்துவிட்டால், எஞ்சியுள்ள துணைவர் முன் எழும் முதல் வினா கடனுக்கு யார் பொறுப்பு என்பதாகும். விடை அறியாது வாளாவிருந்தால் வீடே கைவிட்டுப் போகக்கூடும்.

பொறுப்பின் எல்லை

கடனாளியின் மரணத்தால் கடன் மறைவதில்லை. வீட்டின் மீதான அடமானமும் நீங்குவதில்லை. எனினும், 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, வாரிசின் பொறுப்பு இறந்தவரிடமிருந்து அவருக்குக் கிடைத்த சொத்தின் அளவோடு நிற்கும். மனைவி இணைக் கடனாளியாகவோ பிணையாளராகவோ கையொப்பமிட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது அவருடைய சொந்தப் பொருளும் கடனுக்கு உட்பட்டதாகும். ஆகவே, கடன் ஒப்பந்தத்தை முதலில் படித்தறிதல் இன்றியமையாதது.

வீட்டின் உரிமை தனியொரு செய்தி. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது மறைந்த ஆணின் தனிச் சொத்து மனைவி, மக்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். மனைவி, இரு மக்கள், தாய் எனில் ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. குழந்தை இளவராயின், அதன் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி தேவை. பிற சமயத்தினருக்கு அவரவர் சட்டம் பொருந்தும்.

செய்ய வேண்டுவன

இறப்புச் சான்றுடன் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அன்றைய நிலுவைக் கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும். மண்டலத் தாசில்தாரிடம் குடும்ப உறுப்பினர் சான்று பெறுதல் அடுத்த பணி. கடனுடன் இணைந்த காப்பீடு உள்ளதா என்பதையும் வினவுதல் வேண்டும். ஆண்டுதோறும் குறைந்து செல்லும் வகைக் காப்பீடாயின், தவணை தவறியதால் சேர்ந்த தொகையை அது ஈடுசெய்யாது போகலாம். 1874ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுத் தொகையைக் கணவரின் கடனாளர் பொதுவாகத் தொட இயலாது.

காப்பீடு இல்லையெனில், தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைக்குமாறு வங்கியை வேண்டலாம். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக் கடனாகும். பின்னர் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வரும். அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், வங்கி 15 நாட்களுக்குள் மறுமொழி தரவேண்டும். வங்கி வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். எஞ்சிய கடன், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டுக்குக் குறைவாயின் இச்சட்டம் பொருந்தாது.

கடன் முழுதும் தீர்ந்தால், 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். வங்கியின் தவறால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 இழப்பீடு வழங்க வேண்டும் என 2023இல் ரிசர்வ் வங்கி பணித்தது. வாரிசுகளிடம் பத்திரங்களை ஒப்படைக்கும் முறையை வகுத்து வைத்தலும் வங்கியின் கடமையாகும்.

கடன் ஒப்பந்தத்தின் நகலும் காப்பீட்டு ஆவணமும் எங்குள்ளன என்பதைக் கணவன் மனைவி இருவரும் முன்னரே அறிந்திருப்பின், துயர நாட்களில் குடும்பத்தின் சுமை பெரிதும் குறையும்.