விண்கல ஆட்டமும் அதன் விலையும்

ஒரு பொருளின் விலையை அறிதல் எளிது. அதன் மதிப்பை அறிதல் அரிது. நெல்லுக்கும் ஆடைக்கும் விலை வகுக்கும் முறை பலரும் அறிந்ததே. உழுதவன் கூலி, நெய்தவன் கூலி, வண்டிக் கூலி, விற்பவன் ஊதியம் ஆகிய இவற்றைக் கூட்டினால் விலை ஒருவாறு புலனாகும். ஆயின், நிறுக்கவும் முகக்கவும் இயலாத ஒரு பொருளுக்கு விலை வகுப்பது எங்ஙனம்? கணிப்பொறியில் ஆடப்பெறும் ஆட்டம் அத்தகைய பொருளாகும். அதனை முதன்முதல் இயற்றுதற்கு நெடுநாள் உழைப்பு வேண்டும். இயற்றி முடித்தபின், ஆயிரம் பேருக்குப் படியெடுத்துக் கொடுப்பினும் செலவு பெரிதும் மிகுவதில்லை; மூலமும் தேய்வதில்லை. இத்தகைய பொருளின் விலை எவ்வாறு அமைகின்றது என்பதை, விண்வெளிப் பயணத்தைப் பற்றிய ஓர் ஆட்டத்தின் வாயிலாக ஆராய்வோம்.

அவ்வாட்டத்தின் பெயர் 'எஃப்.டி.எல்.: ஃபாஸ்டர் தேன் லைட்' என்பது. 'ஒளியினும் விரைந்து' என்பது அதன் பொருள். அதனை இயற்றியவர்கள் மாத்யூ டேவிஸ், ஜஸ்டின் மா என்னும் இருவர். அவர்கள் சீன நாட்டின் ஷாங்காய் நகரில், பெரியதோர் ஆட்ட நிறுவனத்தின் கிளையில் பணியாற்றியவர்கள். அப்பணியை விடுத்து, தாம் சேமித்து வைத்திருந்த பொருளைக் கொண்டு வாழ்ந்தவாறே 'சப்செட் கேம்ஸ்' என்னும் பெயரால் தனித்தொழில் தொடங்கினர். பெருநிறுவனங்களைச் சாராமல் ஒரு சிலர் தாமே முயன்று இயற்றும் ஆட்டங்களை 'இண்டி' ஆட்டங்கள் என்பர்.

இவ்வாட்டம் 'ரோக்லைக்' என்னும் வகையைச் சார்ந்தது. 1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் மாணவராயிருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்போர் 'ரோக்' என்றோர் ஆட்டத்தை இயற்றினர். அதில் ஓவியங்கள் இல்லை. எழுத்துகளும் குறிகளுமே அறைகளாகவும் அரக்கர்களாகவும் திரையில் நின்றன. எனினும், அதற்குச் சிறப்பு இயல்புகள் இரண்டு இருந்தன. ஆடுந்தோறும் பாதாளச் சுரங்கம் புதிதாக அமைதல் ஒன்று. வீரன் மாண்டால் முதலிலிருந்தே தொடங்க வேண்டுதல் மற்றொன்று. அதன் வழிவந்தவை யாவும், 'ரோக் போன்றவை' என்னும் பொருளில் ரோக்லைக் எனப்பட்டன. விண்கல ஆட்டம் அவ்வகையின் பழைய விதிகள் அனைத்தையும் பின்பற்றுவதன்று. ஆயினும், மேற்கூறிய இரண்டனையும் உயிராகக் கொண்டுள்ளது.

இனி, ஆட்டத்தின் அமைப்பைக் காண்போம். ஆடுவோர் ஒரு விண்கலத்தின் தலைவர் ஆவர். தம் நாட்டைக் காக்கவல்ல செய்தி ஒன்றை அவர் எட்டு விண்பகுதிகளைக் கடந்து கொண்டு சேர்த்தல் வேண்டும். பகைவர் பெரும்படை பின்னே துரத்தி வருகின்றது. ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குத் தாவுந்தோறும் எரிபொருள் குறையும். ஒவ்வொரு நிலையிலும் யாது நிகழும் என்பது சென்றபின்னரே தெரியும். அங்கே வணிகர் இருக்கலாம், கொள்ளையர் இருக்கலாம், உதவி வேண்டி அழைப்போரும் இருக்கலாம்.

கலத்தினுள் காப்புக் கவசம், பொறி, படைக்கலம், உயிர்க்காற்று, மருத்துவம் எனப் பல பகுதிகள் உண்டு. கலத்தின் மின்னாற்றலோ அளவுபட்டது. அதனை எப்பகுதிக்கு எவ்வளவு வழங்குவது என்று தலைவரே முடிவு செய்தல் வேண்டும். கலத்தில் தீப்பற்றினால், வெளிக்கதவுகளைத் திறந்து காற்றை வெளியேற்றித் தீயை அவிக்கலாம். ஆயின், அவ்வறையில் நிற்கும் மாலுமி மூச்சின்றி மாள்வான். போரின் நடுவே ஆட்டத்தை நிறுத்திச் சிந்திக்க இடமுண்டு. ஆனால், எடுத்த முடிவை மாற்ற இடமில்லை. கலம் அழிந்தால் பயணம் முடிந்தது.

இத்துணைக் கடுமை உடைய ஆட்டம் பலரை ஈர்த்தது ஏன்? சதுரங்கத்தில் காய்கள் எப்பொழுதும் ஒரே வகையாகவே அடுக்கப்படும். இங்கோ வழியும் இடரும் ஒவ்வொரு முறையும் வேறுபடும். ஆதலின், மனப்பாடம் பயன்படாது, அறிவே பயன்படும். மேலும், இழப்பு உண்மையாக இருப்பதால் ஒவ்வொரு முடிவும் பொருளுடையதாகின்றது. தோற்றவர்க்கு எஞ்சுவது, தாம் எங்கே பிழைத்தோம் என்னும் அறிவு. அவ்வறிவைத் துணைக்கொண்டு மறுமுறை சற்றுத் தொலைவு செல்லுதலே இவ்வாட்டத்தின் இன்பம்.

நிற்க, விலையைக் கருதுவோம். 2012-ஆம் ஆண்டில் இவ்விருவரும் 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் இணையத் தளத்தில் பொதுமக்களிடம் பொருளுதவி வேண்டினர். அவர்கள் கேட்டது 10,000 டாலர். கிடைத்ததோ 2,00,000 டாலருக்கும் மேல். முடிவுறாத ஆட்டத்திற்கு முன்னதாகவே பணம் கொடுத்தவர்கள் இருவரின் சொல்லை நம்பியே கொடுத்தனர். அந்நம்பிக்கை வீண்போகவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஆட்டம் வெளிவந்தது. விலை 9.99 டாலர். பெருநிறுவனங்களின் புதிய ஆட்டங்கள் அந்நாளில் 60 டாலர் வரை விற்றன.

விற்கும் தளத்தார் அக்காலத்தில் விலையில் நூற்றுக்கு 30 பங்கு எடுத்துக்கொள்வது வழக்கம். அங்ஙனமாயின், இயற்றியவர்க்கு ஒரு படிக்கு ஏறத்தாழ 7 டாலரே எஞ்சும். அவர்கள் முதலில் கேட்ட 10,000 டாலரை விற்பனையால் மட்டும் ஈட்ட, ஏறத்தாழ 1,430 படிகள் விற்றாதல் வேண்டும். விலை மிகுந்தால் வாங்குவோர் குறைவர். குறைந்தால் உழைப்பிற்கு ஈடு கிட்டாது. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் அளவைக் காண்பதே விலை வகுப்போன் திறம்.

2013-ஆம் ஆண்டில், தன்னுரிமை ஆட்டங்களுக்கென அமெரிக்காவில் நிகழும் விழாவில், சிறந்த வடிவமைப்புக்கான பரிசும் மக்கள் பரிசும் இவ்வாட்டத்திற்குக் கிடைத்தன. 2014 ஏப்ரலில் புதிய கலங்களும் கருவிகளும் சேர்த்து ஆட்டத்தை விரிவாக்கினர். முன்னரே வாங்கியவர்க்கு அவ்விரிவு விலையின்றி வழங்கப்பட்டது. கைவிட்ட பொருளுக்குப் பின்னும் பொறுப்பேற்கும் வணிகரை மக்கள் மதிப்பது இயல்பே.

"எளிய ஓவியங்களை உடைய ஆட்டத்திற்குப் பத்து டாலர் மிகுதி" என்பாரும் உண்டு. "ஒரு பயணம் இரண்டொரு மணி நேரத்தில் முடிகின்றதே" என்பாரும் உண்டு. ஓவியத்தின் பகட்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் முன்னவர் கூற்று சரியே. ஆனால், ஒரே பயணம் முடிந்தபின் நூறு புதிய பயணங்கள் காத்திருக்கும் பொருளை ஒரு பயணத்தின் நேரத்தால் அளத்தல் பொருந்தாது.

படியெடுக்கச் செலவில்லை என்பதனால் விலை கொடாமல் திருட்டுப் படி எடுத்துக்கொள்ளலாம் எனக் கருதுவோரும் உளர். மூலம் தேயாது என்பது மெய்யே. தேய்வது உழைத்தவரின் வாழ்வு. பெருநிறுவனம் அவ்விழப்பைத் தாங்கவும் கூடும். சேமிப்பைச் செலவிட்டு வாழும் இருவர் எவ்வாறு தாங்குவர்?

மாணவர்களே! வாங்குவோர் கொடுக்கும் விலை மற்றொன்றும் உண்டு. 9.99 டாலர் ஒரு முறை கொடுப்பது. ஆடும் பொழுதோ நாள்தோறும் கொடுப்பது. ஆடுந்தோறும் புதுமை தருவதாகையால், இவ்வகை ஆட்டம் "இன்னும் ஒரு முறை" என்று நம்மைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அளவுபட்ட மின்னாற்றலை எப்பகுதிக்கு எவ்வளவு வழங்குவது என்று கலத்தலைவர் எண்ணுவதைப் போலவே, அளவுபட்ட தம் பொழுதைப் படிப்பிற்கும் உறக்கத்திற்கும் ஆட்டத்திற்கும் பகுத்துக் கொடுக்க அறிந்தவரே, கொடுத்த விலைக்கு உரிய பயனைப் பெற்றவர் ஆவர்.